எங்கள் கடையின் பற்று நோட்டு

2021 டிசம்பர் 1ஆம் தேதி தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. 14 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த ஏற்றம். சென்னைக்கும் மதுரைக்கும் அது ஒரு நாள் செய்தி. கோவில்பட்டியைச் சுற்றியிருக்கும் எங்கள் கரிசல் ஊர்களில் அந்த ஒரு ரூபாயைப் பற்றி வாரக்கணக்கில் பேசினார்கள். அந்தப் பெட்டியின் விலைக்குள்தான் எங்கள் ஊர்ப் பெண்களின் கூலி இருந்தது. அந்தக் கூலிக்குள்தான் என் அப்பாவின் மளிகைக் கடை இருந்தது.

நான் இப்போது மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சிறு கடைகள், சிறு பட்டறைகள், வீட்டில் பலகாரம் போட்டு விற்பவர்கள் ஆகியோருக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதும் வங்கிக் கடனுக்குத் தாள்கள் தயாரிப்பதும் என் வேலை. ஊரில் அப்பாவின் கடையைத் தம்பி நடத்துகிறான். கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வளர்ந்தவள் என்பதால் அன்றைய வியாபாரமும் தெரியும். நாள் முழுக்கக் கணக்குகளுக்கு நடுவில் இருப்பதால் இன்றைய வியாபாரமும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனசு ஒரு இடத்தில் போய் நிற்கிறது. அன்றைக்குப் பட்டிக்காட்டு வழக்கம் என்று எதையெல்லாம் கைவிடச் சொன்னார்களோ, அதையெல்லாம் இன்று பெரிய நிறுவனங்கள் புதுக் கண்டுபிடிப்பு என்று விற்கின்றன. கைவிட்டவர்கள் நாங்கள், எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

1980களில் எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொன்னதில்லை. தீப்பெட்டி ஆபீஸ்தான். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பெண்கள் போவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். வாங்கிய கையோடு கடைக்கு வருவார்கள். "அண்ணாச்சி, எம்புட்டு பாக்கி நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்ப்பார்கள். அப்பா நோட்டைப் புரட்டித் தொகையைச் சொல்லுவார். சிலர் முழுதாகக் கொடுப்பார்கள், சிலர் பாதி. ஞாயிற்றுக்கிழமை அப்பா கணக்குப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை விருதுநகருக்குப் பஸ் ஏறுவார். அங்கே மண்டியில் வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் எல்லாம் போட்டுக்கொண்டு லாரியில் அனுப்பிவைப்பார். அந்த வத்தலும் மல்லியும் எங்கள் கரிசல் காட்டில் விளைந்தவைதான். விளைவித்தவர் மண்டியில் காசு வாங்கி, ஊருக்கு வந்து மகளுக்குச் சேலை எடுப்பார். ஆக, தீப்பெட்டி ஆபீஸில் கிளம்பிய பணம் கடை, மண்டி, காடு என்று சுற்றி மறுபடியும் ஊருக்குள்ளேயே இருந்தது. உள்ளூர்ப் பொருளாதார வளர்ச்சி என்று இன்று கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். எங்களுக்கு அது சனிக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமை முடியும் ஒரு வேலை.

பற்று நோட்டை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீளவாக்கில் குறுகலான நோட்டு, சிவப்புத் துணி ஒட்டிய அட்டை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். தலைப்பில் பெயர் இருக்காது. 'மேலத்தெரு கிணத்தடி வீடு', 'வேம்படி டீச்சர்', 'ரெட்டைப் பிள்ளைக்காரி' என்றுதான் இருக்கும். கீழே தேதி போட்டுத் துவரம் பருப்பு கால், கருப்பட்டி அரை, சீயக்காய் ஒரு பொட்டலம் என்று அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. வாடிக்கையாளர் கையிலும் ஒரு சிட்டை உண்டு. இரண்டிலும் ஒரே கணக்கு ஏற வேண்டும். பாக்கி தீர்ந்த அன்று பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போகும் பெண்ணின் நடையே வேறு மாதிரி இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் அந்த நோட்டின் அருமை தெரியும். அடைமழையில் குச்சியும் காயாது, மருந்தும் காயாது. ஆபீஸ்கள் மூடிக் கிடக்கும். வேலை இல்லை, சனிக்கிழமைச் சம்பளமும் இல்லை. ஆனாலும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் பக்கம் பக்கமாகப் பற்று ஏறிக்கொண்டே போகும். வரவுப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அப்பா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அவருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் புரிந்தது. விருதுநகர் மண்டிக்காரர் அப்பாவுக்குத் தைப் பொங்கல் வரைக்கும் தவணை கொடுத்திருந்தார். மழைக்காலத்தின் பாரத்தை ஊர் மேல் விடாமல் கடைக்காரரும், கடைக்காரர் மேல் விடாமல் மொத்த வியாபாரியும் தாங்கினார்கள். எந்தத் தாளிலும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் எழுத மாட்டேன். என் வகுப்பில் இருந்த பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு விடியற்கருக்கலில் ஆபீஸ் வண்டியில் ஏறிப் போனார்கள். அவர்களுடைய சின்ன விரல்கள் கட்டை அடுக்க வசதி என்று சொன்னார்கள். பற்று நோட்டிலும் எல்லோருக்கும் பக்கம் கிடைத்ததில்லை. எந்தத் தெரு, என்ன சாதி என்று பார்த்துத்தான் பல கடைகளில் கடன் திறந்தது. கடனுக்கு வாங்குகிறவர் பேரம் பேச முடியாது, சொன்ன விலைதான். எங்கள் கடையிலேயே ஒரு பையன் திண்ணையில் படுத்துக்கொண்டு வேலை பார்த்தான். அவனுக்கும் என் வயதுதான். நான் பள்ளிக்கூடம் போனேன், அவன் மூட்டை பிரித்தான். இதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தை மெச்சினால் அவனுக்குச் செய்யும் அநியாயம்.

இன்று தம்பியின் கடை வாசலில் ஸ்கேன் பலகை தொங்குகிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு ஒலிபெருக்கி. காசு வந்து விழுந்ததும் தமிழில் தொகையைச் சொல்லும். 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. தொடங்கியபோது எங்கள் ஊருக்கு அது வந்து சேரும் என்று யாரும் நினைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடு முழுக்க ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்டது. இது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சில்லறை இல்லை என்று மிட்டாயை நீட்டும் வழக்கம் ஒழிந்தது. கள்ள நோட்டுப் பயம் போனது. முந்தானை முடிச்சிலிருந்த காசை வழியிலேயே பிடுங்கிக்கொள்ளும் கணவன்மாரிடமிருந்து எத்தனையோ பெண்கள் தப்பித்தார்கள்.

ஆனால் அந்த யு.பி.ஐ. பிறந்த வருடமே இன்னொன்றும் நடந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரில் அப்போது ஸ்கேன் பலகையும் இல்லை, ஏ.டி.எம்.மில் பணமும் இல்லை. சனிக்கிழமைச் சம்பளமாக ஆபீஸில் பழைய நோட்டையே கொடுத்தார்கள். தம்பி பரணிலிருந்து ஒரு வெள்ளை நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டான். நாட்டையே பணமில்லா வியாபாரத்துக்குக் கொண்டுபோவதற்கான நடவடிக்கை என்றார்கள். எங்கள் தெருவில் பணமில்லாமல் வியாபாரம் நடந்தது உண்மைதான். அப்பாவின் பற்று நோட்டு முறையில் நடந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோதும் அதேதான். போனில் சாமான் கேட்டுப் பழகியிருந்த வீடுகளுக்கு வண்டி வரவில்லை. வருடக்கணக்காகக் கடைப்பக்கம் தலைகாட்டாதவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வட்டத்துக்குள் வரிசையாக நின்றார்கள். "தம்பி, ஒரு மாசம் பொறுத்துக்கோ" என்றார்கள். அவன் பொறுத்தான். ஊரடங்கு தளர்ந்ததும் பலர் மறுபடியும் போனுக்கே போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விலை குறைவாக இருந்தால் யாரும் போகத்தான் செய்வார்கள். ஆனால் பஞ்ச காலத்துக்கு ஒரு கடை, நல்ல காலத்துக்கு ஒரு கடை என்று வைத்துக்கொண்டால் பஞ்ச காலத்துக் கடை எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இப்போது நிலைமை இன்னொரு படி தாண்டிவிட்டது. வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்த கடைக்காரனே இன்று ஸ்கேன் பலகை வழியாகக் கடன் வாங்குகிறான். தினம் எவ்வளவு வசூல் என்பது ஆப் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். அதைப் பார்த்து "உங்களுக்கு இவ்வளவு கடன் தயார்" என்று செய்தி வருகிறது. ஜாமீன் வேண்டாம், பத்திரம் வேண்டாம். தவணையை மாதக் கடைசி வரை விட்டுவைப்பதில்லை. தினமும் வசூலிலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள். என்னிடம் கணக்குக்கு வருகிற கடைக்காரர்களிடம் வட்டி எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை. தினம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. எங்கள் சின்ன வயதில் சாயங்காலம் சைக்கிளில் வந்து அட்டையில் குறித்துக்கொண்டு போகும் தண்டல்காரரைக் கண்டால் கடைக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். மழை நாளில் அவரிடம் "நாளைக்கு வாங்கண்ணே" என்றாவது சொல்ல முடிந்தது.

தீப்பெட்டிக்கு வருகிறேன். அப்பாவின் கடையில் தீப்பெட்டி எல்லாம் சுற்றுவட்டாரத்து லேபிள்தான். யார் ஆபீஸ் பெட்டி எரிகிறது, யார் பெட்டி நமுத்துப்போகிறது என்று வாடிக்கையாளருக்கே அத்துப்படி. 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்று வந்து தொடங்கியது. கோவில்பட்டி, சாத்தூர், குடியாத்தம் என்று பரவி வானம் பார்த்த பூமிக்குச் சோறு போட்டது. இன்று தம்பியின் கடையில் தீப்பெட்டிக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் லைட்டர் ஒரு அட்டையில் வரிசையாகத் தொங்குகிறது. எரிந்து தீர்ந்ததும் தூக்கிப் போடும் சாதனம். தீப்பெட்டி ஊரிலேயே லைட்டர் விற்கலாமா என்று அவனிடம் கேட்டேன். "யக்கா, நான் இல்லேன்னு சொன்னா எதுத்த கடைக்குப் போயிருவாக. பீடி வாங்க வந்தவரு அரிசியும் அங்கனயே வாங்கிட்டுப் போவாரு" என்றான். லைட்டர் வாங்குகிறவரின் வீட்டுப் பெண் ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போகிறவள் என்பது அவனுக்கும் தெரியும்.

இதைத் தனிக் கடைக்காரனால் தடுக்க முடியாது. தொழில்காரர்கள் கூடிக் குரல் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் 2022இல் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் கடைசியில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. உடனே உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே கோத்து விற்க ஆரம்பித்தார்கள். 2024 அக்டோபரில் உதிரி பாகங்களுக்கும் தடை போட வேண்டியதாயிற்று. ஒரு சின்னத் தொழிலைக் காப்பாற்ற இத்தனை ஆண்டு ஓடவேண்டியிருக்கிறது என்பதையும், ஓடினால் பலன் கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சங்கமாக நிற்காத தொழில்களுக்கு இந்த அளவுகூடக் கிடைப்பதில்லை.

நாங்கள் கைவிட்டு அவர்கள் எடுத்துக்கொண்ட மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால் ரூபாய்க்கு நல்லெண்ணெய், பத்துப் பைசாவுக்குச் சீயக்காய் என்று பொட்டலம் கட்டி விற்பதைப் படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. கடலூர் சின்னிகிருஷ்ணன் அதிலிருந்துதான் பாடம் எடுத்தார். ஏழை வாங்குகிற அளவில் எதையும் சின்னப் பையில் அடைத்து விற்கலாம் என்று நம்பினார். அவர் வீட்டுப் பிள்ளை சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். பன்னாட்டு நிறுவனங்கள் பிறகு அந்த வழிக்கு வந்தன. சீயக்காய்ப் பொட்டலம் கட்டியவர்கள் அதே இடத்தில் இருந்தார்கள். எங்கள் கடைப் பையன் சைக்கிள் கேரியரில் சாமான் வைத்து வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்ததும் அப்படித்தான். அதற்குத் தனிக் கட்டணம் உண்டென்று அப்பாவுக்குத் தோன்றியதே இல்லை. இன்று பத்து நிமிட விநியோகம் என்ற பெயரில் அதற்கு முதலீடு குவிகிறது. வண்டி ஓட்டுகிற பையன் மழையில் நனைந்துகொண்டு ஓடுவது மட்டும் மாறவில்லை.

மஞ்சள் பை இன்னொன்று. அந்தப் பையோடு பட்டணத்துக்குப் போனால் ஊர்நாட்டான் என்று சிரித்தார்கள். வெட்கப்பட்டு எல்லோரும் பிளாஸ்டிக் பைக்கு மாறினோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. நல்லதுதான். அந்த இடைப்பட்ட வருடங்களில் துணிப்பை தைத்துப் பிழைத்த வீடுகள் வேறு வேலைக்குப் போய்விட்டன.

அரிசி விஷயத்தை என் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் விளக்க வேண்டியிருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. அதற்கு மேற்பட்ட எடைக்கு வரி இல்லை. உடனே தமிழ்நாட்டு அரிசி ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. 26 கிலோ ஒன்றாக வாங்க வசதி உள்ள வீட்டுக்கு வரி கிடையாது. ஐந்து கிலோ பை வாங்குகிற வீட்டுக்கு உண்டு. ஆனால் கடைக்காரர் மூட்டையைப் பிரித்து வைத்து அளந்து போட்டால் அதற்கும் வரி கிடையாது. சாக்கு வாயைச் சுருட்டிவிட்டுப் படியால் அளந்து போட்ட என் அப்பாவின் முறைதான் இன்றைய சட்டப்படி ஏழைக்கு லாபமான முறை. அப்படி அளந்து போடும் கடைகளை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சிறு வியாபாரத்துக்கு உதவவென்றே வந்த சட்டங்களும் உண்டு. அவற்றில் ஒன்றை நான் மனதார வரவேற்றேன். குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்று 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் வந்தது. எங்களிடம் கணக்கு வைத்திருக்கும் ஒரு கடலைமிட்டாய் தயாரிப்பாளர் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். கருப்பட்டியோ வெல்லமோ, கடலையோ, எல்லாவற்றையும் ரொக்கத்துக்கு வாங்கி, பாகு பதம் பார்த்துக் காய்ச்சி, வில்லை போட்டு அனுப்புகிறவர் அவர். பணம் மூன்று மாதம் கழித்து வரும். கொஞ்ச நாளில் அவரிடம் வாங்கும் பெரிய கடை ஒன்றிலிருந்து ஆள் வந்தார். "அண்ணே, அந்த உத்யம் பதிவை நீங்க ரத்து பண்ணிட்டா நமக்குள்ள சிக்கல் இல்ல" என்றாராம். குறு, சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவுதான் உத்யம். ரத்து செய்தால் சட்டம் காப்பாற்றாது. செய்யாவிட்டால் ஆர்டர் போய்விடும். அவர் என்னிடம் வந்து, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். ரத்து செய்யாதீர்கள் என்று சொன்னேன். அந்த ஆர்டர் அடுத்த வருடம் பாதியாகக் குறைந்தது.

இதில் மளிகைக் கடைக்காரர்களின் நிலை இன்னும் மோசம். 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரத்தையும் குறு, சிறு, நடுத்தரத் தொழிலாகச் சேர்த்தார்கள். ஆனால் முன்னுரிமைக் கடன் வாங்குவதற்கு மட்டும். 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. கடன் வாங்கத் தகுதி உண்டு, வரவேண்டிய பாக்கியைக் கேட்கச் சட்டத் துணை இல்லை. இதை மாற்றியே தீர வேண்டும்.

கடைகளின் காசு ஊருக்கு என்ன செய்தது என்பதை எங்கள் வட்டாரத்தைத் தவிர வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. விருதுநகர் வியாபாரிகள் விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்தில் 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலா எழுந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. அதே விருதுநகரில் 1916இல் காளிமார்க் குளிர்பான நிறுவனம் தொடங்கியது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது; 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. கும்பகோணத்தில் 1904இலும் கரூரில் 1916இலும் வியாபாரிகள் வங்கி தொடங்கியிருந்தார்கள். மகமை ஒரு சமூகத்துக்குள் திரட்டிய பணம். மற்ற சமூகத்தாரின் கைக்கு அது எட்டிய அளவு குறைவு என்பதும் உண்மை. ஆனாலும் பருப்பு விற்ற லாபம் பள்ளிக்கூடமாக நின்றது என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று ஒரு விநியோக நிறுவனம் எங்கள் தெருவில் விற்கும் சாமானின் லாபம் எந்த ஊருக்குப் போகிறது? அந்தக் காசில் எங்கள் ஊரில் ஒரு தண்ணீர்ப் பந்தலாவது போட்டிருக்கிறார்களா?

2017 மார்ச் 1ஆம் தேதி முதல் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு அது. சில மாதங்கள் எல்லாக் கடையிலும் காளிமார்க்கின் பொவொன்டோ கேட்டு வாங்கினார்கள். பிறகு நிலைமை பழையபடி ஆனதற்குக் காரணம் தேசபக்தி குறைந்தது அல்ல, குளிர்பெட்டி. பெரிய நிறுவனம் இலவசமாக ஒரு குளிர்பெட்டி கொடுக்கும். அதில் தன் சரக்கை மட்டும்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடும். பக்கத்து ஊரில் செய்கிற கலர் பாட்டில் வெளியே வெயிலில் சூடேறி நிற்கும். சூடான கலரை யார் குடிப்பார்கள்? தம்பி போன வருடம் சொந்தக் காசில் ஒரு பழைய குளிர்பெட்டி வாங்கி உள்ளூர்ச் சரக்குக்கென்றே வைத்திருக்கிறான். விற்பனை மோசமில்லை என்கிறான்.

வளர்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால், செய்கிறவர்களிடம் இருக்கிறது என்பேன். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு போனில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்புகிற சின்னத் தயாரிப்பாளர்கள் பெருகியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் கூடையோடு ஓடி விற்ற பண்டம் இன்று டெல்லிக்குப் போகிறது. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று ஊறுகாய், சத்துமாவு, மசாலாப் பொடி என்று எங்கள் ஊர்வரை வந்துவிட்டன. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்தத் தேதியை ஒட்டிக் கடையில் கூட்டம் தெரிகிறது என்று தம்பி சொல்கிறான். அன்றைக்கு வாங்குவது எண்ணெயும் பருப்பும்தான். சனிக்கிழமைச் சம்பளத்தோடு அவர்கள் அம்மாக்கள் வந்து நின்ற அதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு ஒரு பகுதி வியாபாரம் கோவில்பட்டிக்குப் போனது உண்மை. அதே பஸ்ஸில்தான் எங்கள் ஊர்ப் பூக்காரியும் கீரைக்காரியும் கோவில்பட்டிச் சந்தைக்குப் போய் அன்றன்றே காசு பார்த்துத் திரும்புகிறார்கள். இந்த வரவு செலவில் ஊருக்கு லாபம் அதிகம் என்பது என் கணிப்பு. தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் இப்போது பிள்ளைகள் இல்லை. அதற்காகவே இந்தக் காலத்தை வாழ்த்துவேன்.

செய்கிறவரையும் வாங்குகிறவரையும் சேர்த்து வைக்கும் தெருக்கடைதான் தேய்கிறது. அது போனால் ஐப்பசி மழையில் பருப்பு கொடுக்க ஆள் இருக்காது. ஆப் கொடுக்கும் கடனுக்கு மழைக்காலமும் தெரியாது, மேலத்தெரு கிணத்தடி வீடும் தெரியாது.

ஆகையால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மாதச் சாமான் சீட்டு எழுதும்போது அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையாவது உங்கள் தெருக்கடையில் வாங்குங்கள். அளந்து போடச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஊரில் செய்கிற மிட்டாயும் கலரும் தீப்பெட்டியும் அங்கே இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் நிச்சயம் வரவழைப்பார். பெரிய கடை நடத்துகிறவர்கள் சின்னத் தயாரிப்பாளரின் பாக்கியை 45 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் பலகையில் கடன் வாங்கும் கடைக்காரர்கள் கையெழுத்துக்கு முன்னால், வருடத்துக்கு எத்தனை சதவீதம் வட்டி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொல்ல மறுத்தால் அந்தக் கடன் வேண்டாம்.